முள் உள்ள மீன்

பண்ணை மீனுக்கு முள் இல்லாமல் போய் இருபது வருடமாகிறது. அதனால், புருஷன் கடலில் திருட்டுத்தனமாகப் பிடித்து வந்த சாளை மீனைக் குழம்பு வைத்த ரெஜினாவுக்கு, மகளுக்கு ஊட்டும்போது முள் பார்க்கத் தோன்றவில்லை. ஆறு வயது ஜெனிட்டா தொண்டையைப் பிடித்துக்கொண்டு திணறினாள். வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்க வைத்தும் இறங்கவில்லை.

கடல் மீன் பிடித்தவனுக்கு ஏழு வருடச் சிறை. தெரிந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் இடுக்கியால் எடுத்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"ஈக்குச்சி சார். வெளாடும்போது வாயில வச்சிட்டா."

அவர் தலையாட்டியபடி அதைக் குப்பைக்கூடையில் போடப் போனார். ரெஜினாவுக்கு மூச்சு வந்தது.

மகளுக்கும் அப்போதுதான் குரல் வந்தது.

"ஈக்குச்சி இல்ல அங்கிள், எங்கப்பா பிடிச்ச மீனு."