யாரைத் திட்டினாள்?

ஏற்காட்டில் மனநல ஆலோசகர் சசிரேகாவின் அறைக்கு வெளியே, மானம் போய் உட்கார்ந்திருந்தார் கருப்பண்ணன்.

உள்ளே அவர் மனைவி பொன்னாயி, அந்த மேடத்தை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வாரா வாரம் வந்து கொட்டறேன். நீங்க பாட்டுக்கு உம்முனு உக்காந்திருக்கீங்க! நானும் மனுசி தானுங்களே?"

கருப்பண்ணனுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. பொன்னாயியா இது? 'எம்பொண்டாட்டி வாயில்லாப் பூச்சிங்க' என்று எஸ்டேட் முழுக்கப் பெருமையடித்தவராயிற்றே அவர்!

மூன்று மாதமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டையில் உருண்டை மாதிரி என்னமோ அடைக்கிறதாம். சேலத்தில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "தொண்டை சுத்தமா இருக்கு, மனசைக் கொஞ்சம் பாருங்க" என்று இங்கே அனுப்பினார்கள்.

பதினோரு புதன்கிழமை மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப் பிடித்து வந்தாயிற்று. மாத்திரை இல்லை, புத்திமதி இல்லை. மேடம் கேட்டுக்கொண்டிருப்பதோடு சரி. பொன்னாயி கஞ்சித் தண்ணியில் உயிரோடிருந்தாள். இன்றோடு நிறுத்திவிடுவதென்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

இப்போது இந்தக் கூத்து வேறு. அடக்கிவிட்டு வரலாமென்று எழுந்தார்.

வரவேற்பிலிருந்த திவ்யா மறித்தாள். "மேடம் கூப்பிடாம உள்ள போகக் கூடாதுங்ணா."

உள்ளே சத்தம் இன்னும் ஏறியது.

"காலேஜ் படிக்கற புள்ளைங்க மலரு! அவளை நிறுத்தி, உங்கக்கா மவன் மாதேஷுக்குக் குடுக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்தீங்களே... பெத்தவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பிறகு அழுகை.

கதவு திறந்தது. பொன்னாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, நொம்பப் பசிக்குது."

தனக்கென்று வாங்கி வைத்திருந்த பன்னை நீட்டினார். அவள் பிய்த்து வாயில் போட்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்தார்.

இறங்கிற்று! அடுத்த வாயும் இறங்கிற்று. வெறும் பன், தொட்டுக்கொள்ள டீ கூட இல்லை. முழுசாகத் தின்று முடித்து, "இன்னொண்ணு இருக்குதுங்களா?" என்றாள். கருப்பண்ணனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் வாசலில் நின்ற சசிரேகாவைக் கவனித்தார். பதறிப்போய்க் கும்பிட்டார்.

"மேடம், மன்னிச்சுக்குங்க. கூறு கெட்டவ, உங்களைப் போயி இந்தத் திட்டு திட்டிட்டா."

சசிரேகாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கிட்ட எதுக்குங்க மன்னிப்பு? நான் ஒத்தைப் பொண்ணு. எனக்கேதுங்க அக்கா?"

கருப்பண்ணன் கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றார்.

பொன்னாயி அவரிடம் கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க. உங்கக்காகிட்ட நானே பேசிக்கறேன்."

கருப்பண்ணன் மறுபேச்சில்லாமல் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்.