இரண்டாவது விசில்

குரும்பகரம் திடலில் அந்தி வெயில் கோல் கம்பத்தை விட்டு இறங்குகிறது. கடைசி நிமிடத்தில் பஸ் கண்டக்டர் நவநீதன் அடித்த பந்து இன்னும் வலைக்குள்தான் கிடக்கிறது. ஆஃப்சைடு என்று அதைச் செல்லாததாக்கி, ஆட்டத்தையும் முடித்து ஊதிவிட்டார் நடுவர் சோமசேகரன். "எனக்கு முன்னாடி அவங்க ஆளுங்க ரெண்டு பேரு நின்னாங்களே சார், கண்ணு தெரியலையா?" என்று கத்திய தொண்டை அவனுக்கு எரிகிறது. அவரோ கழுத்தில் தொங்கும் விசிலைத் துடைத்தபடி சாவகாசமாக அருகில் வருகிறார். "மனசுல வச்சுக்காதீங்க தம்பி. காலையில அம்பகரத்தூர் ஸ்டாப்புல வழக்கம்போல ஒரு நிமிஷம் பஸ்ஸ நிறுத்தி வைங்க, ஓடி வந்துடுறேன்." நவநீதன் சிரிக்கிறான். "வாங்க சார், ஓடியே வாங்க." தோள்பைக்குள் அவன் விரல்கள் தன் விசிலைத் தேடிப் பிடிக்கின்றன. படிக்கம்பிக்கும் அவர் கைக்கும் ஒரு சாண் இருக்கும்போது ஊதினால் போதும்.