ஒத்தை மீன்

நாட்டுமீன்களைக் காப்பாற்ற ஐந்து ஊரும் சேர்ந்து குழு அமைத்திருந்த கண்மாய் அது. அன்று போட்ட வலையில் கெண்டையும் இல்லை, விராலும் இல்லை. முழுக்க டேங்க் கிளீனர். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன். கரையில் கொட்டி இரண்டு மணி நேரமாகியும் சாகாமல் வாயை அசைத்துக்கொண்டு கிடந்தது.

"எந்த ஊர்க்காரன்யா இதக் கொண்டாந்து விட்டது? அந்த ஊரக் குழுவ விட்டே தள்ளி வைங்க" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

மாரிச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவின் காதருகே போனாள். "நாந்தாங்க்கா. போன வருசம், தொட்டிக்குப் பெருசாயிருச்சேன்னு பாவப்பட்டு விட்டேன். ஒண்ணே ஒண்ணுதான்."

அக்கா திட்டவில்லை. மீன் குவியலையே பார்த்தாள். "ஒத்த மீனு எப்படிடி இம்புட்டுப் பெருகும்? சோடி வேணும்ல."

பயத்துக்கு நடுவிலும் மாரிச்செல்விக்கு ஒரு குறுகுறுப்பு. அப்படியானால் இன்னொன்றை விட்டது யார்? ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லா வாயும் திறந்திருந்தது. குழுவில் இருந்த கீழையூர்த் தலைவர் மட்டும் கத்தவில்லை. செருப்பைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி, காலடியில் கிடந்த மீனின் முதுகில் மெதுவாக விட்டார்.