சனிக்கிழமை அத்திப்பள்ளி பஸ்

மூன்று பேரும் மைசூர்ப் பக்கத்து அத்திப்பள்ளியில் பஸ் ஏறியதும் சாராய நாற்றமும் கூடவே ஏறியது.

முன் சீட்டில் இருந்த சரோஜம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மதராஸில் மதுவிலக்கு என்று கடையை மூடி என்ன பிரயோஜனம், நாலு மைல் தாண்டினால் மைசூர்க்காரன் திறந்து வைத்திருக்கிறானே என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அங்கலாய்த்தாள்.

பக்கத்தில் இருந்த முனிலட்சுமி நிமிரவில்லை. மூவரில் நடுவில் நின்ற ஆஞ்சப்பன் அவள் புருஷன். சந்தைக்கு வந்தவள் அதே பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள்.

"உன் ஊட்டுக்காரனா? நீ கேக்கறதே இல்லியா?" என்றாள் சரோஜம்மாள்.

எதைக் கேட்பது? எல்லைச் சாவடியில் ஏட்டு வாயை முகர்ந்து பார்ப்பார். பிடிபட்டால் ஜெயில். அவளுக்கோ இது ஏழாவது மாதம். குடிக்கிற சுகம் ஆணுக்கு, நடுங்குகிற பங்கு பெண்ணுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

மூவருக்கும் ஒரே கல் குவாரியில் வேலை. சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் எல்லை தாண்டி, ஆளுக்கொரு பாட்டிலோடு ஒரு மறைவில் ஒதுங்கிக் குடித்துவிட்டு வந்தாக வேண்டும். அதுதான் அங்கே ஆம்பிளைத்தனம். போன வருஷம் வரமாட்டேன் என்ற மதுரைவீரனின் குடிசை வாசலில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டுச் சிரித்தார்கள். அவன் குவாரியை விட்டே போய்விட்டான்.

சாவடி வந்தது. ஏட்டு மூவரையும் கீழே இறக்கினார்.

"ஊது."

ஆஞ்சப்பன் ஊதினான். ஏட்டு மறுபடி ஊதச் சொன்னார். பிறகு குனிந்து சட்டையை முகர்ந்தார்.

"வாயில ஒண்ணுமில்ல. சட்டைதான் நாறுது. குடிச்சியா, மேல ஊத்திக்கிட்டியா?"

முனிலட்சுமி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"குடிக்கலைன்னா குடிக்கலைன்னு சொல்லு மாமா. ஊட்டுக்குப் போலாம்."

ஆஞ்சப்பன் கூட இறங்கிய கோவிந்தப்பனைப் பார்த்தான். கரியப்பனைப் பார்த்தான். இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை குவாரிக்குப் போக வேண்டும்.

"குடிச்சேனுங்க," என்றான்.

முனிலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கினாள்.

ஏட்டு அவனை ஓரமாக நிறுத்திவிட்டு கோவிந்தப்பனை ஊதச் சொன்னார். அப்புறம் கரியப்பனை. இருவர் சட்டையையும் தொட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"மூணு வாயிலயும் ஒரு சொட்டு இல்ல. மூணு சட்டையும் தொப்பலா நனைஞ்சிருக்கு. இதுல யாருக்குடா யாரு பயந்தது?"