திறக்க வேண்டிய மூடி

"யாரைக் கேட்டு ஆள் இறங்குற மூடியை ஒட்டின?"

கைக்கடக்கமான ராணுவ பீரங்கி வண்டி பொம்மையை மேசையில் வைத்துக் கத்தினார் பெரியவர்.

"நீங்க குடுத்த போட்டோல மூடித்தானே இருக்கு! அரிசி அளவு பித்தளைத் தகட்டை இடுக்கியால மடிச்சு ஒட்ட மூணு நாளாச்சு, தெரியுமா?" அதைச் செய்து கொடுத்த பொம்மைக்காரருக்கும் கோபம் தலைக்கேறியது.

"திறக்கணும்னா திறக்கணும்!"

பொம்மைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை பிளேடால் நெம்பியெடுத்து, புதிதாகக் கீல் மடித்துப் பொருத்தினார். "இந்தாங்க. இப்ப திருப்திதானே?"

பெரியவர் ஒரு விரலால் தள்ளினார். மூடி திறந்துகொண்டது.

"எவ்வளவு லேசா திறக்குது பாரு!" அவர் குரல் இன்னும் தணியவில்லை. "அன்னைக்கு எரியுற வண்டி மேல நின்னு ரெண்டு கையாலயும் இழுத்தேன்யா. அசையவே இல்ல. உள்ள என் தம்பி."