கதண்டை விரட்டிய ஆட்டம்

இலவமரக் கிளையில் தொங்கிய தேன்கூட்டருகே கதண்டு என்னும் பெரிய குளவி ஒன்று வந்து நின்றது. கூட்டின் ஓரத்தில் இருந்த கோபக்காரத் தேனீயைத் தூக்கிப்போகத்தான் வந்திருந்தது.

"நீ ஒரு தடவை கொட்டினால் செத்துப்போவாய். நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் கொட்டுவேன்," என்று கதண்டு சிரித்தது.

"செத்தாலும் சரி, இவனைக் கொட்டாமல் விடமாட்டேன் அக்கா!" என்று தேனீ பக்கத்திலிருந்த மூத்த தேனீயிடம் சீறியது.

"கொட்டாதேடி, ஆடு!" என்றது மூத்த தேனீ.

எல்லாத் தேனீக்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்புறத்தைத் தூக்கி ஆட்டின. கூடே அலை அலையாகப் புரண்டது. யாரைப் பிடிப்பதென்று தெரியாமல் கதண்டு தலைசுற்றி ஓடிப்போனது.

"அக்கா, அவன் திரும்பி வருவானா?"

"ஏண்டி, பயமா?"

"இல்லை அக்கா, வந்தால் இன்னொரு தடவை ஆடலாமே!"