ஒரு விரல் குறைவு

"எனக்கு முன்னாடி எவனும் ஏறக்கூடாது, ஆமா," என்றபடி முக்கா மீட்டர் வரிசையில் முதல் ஆளாக நடந்தார்.

முக்கா மீட்டர் என்பது கடைத்தெரு வைத்த பெயர். தொழில் துணிக்கடை, ஆள் குள்ளம். பெயர் வைக்கக் கடைத்தெருவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பின்னால் பாத்திரக்கடைக்காரரும் செருப்புக்கடைக்காரரும். மூவருக்கும் அடுத்தடுத்த கடை, ஒரே டீ, ஒரே வம்பு. தீம் பார்க் என்ற ஒன்றுக்குள் மூவருமே கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

ஒரு வாரமாகக் கடைத்தெருவில் இதே பேச்சு. ரோலர் கோஸ்டரில் முதல் சீட்டு எனக்குத்தான், கம்பியைத் தொடமாட்டேன், கண்ணை மூடமாட்டேன் என்று துணி வாங்க வந்தவர்களிடம்கூட முக்கா மீட்டர் அளந்திருந்தார்.

பயந்து திரும்பினார் என்று பேராகிவிட்டால், அந்தத் தெருவில் அவர் வாய் அதோடு மூடியதுதான். வாய் போய்விட்டால் துணிக்கடையில் என்ன மிச்சம்? துணிதான்.

தலைக்கு மேல் ரயில் தலைகீழாகக் கவிழ்ந்து ஓடியது. அதிலிருந்து யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

முக்கா மீட்டர் அண்ணாந்து பார்த்தார்.

"சரக்கு சுமார்தான்," என்றார்.

வாசலில் சீருடை போட்ட ஒரு பெண். அவள் பக்கத்தில் கோடு போட்ட பலகை. தலை அந்தக் கோட்டை எட்டாவிட்டால் ஏற்றமாட்டார்கள். ஆனால் அதெல்லாம் பிள்ளைகளுக்கு. பெரியவர்களைப் பார்த்ததும் அவள் "போங்க, போங்க" என்று கையை வீசிக்கொண்டிருந்தாள்.

முக்கா மீட்டர் நின்றுவிட்டார்.

"அதெப்படிம்மா? அளவுன்னா எல்லாருக்கும் ஒரே அளவுதான். அளந்து அனுப்பு."

"யோவ், சும்மா போய்யா," என்று பாத்திரக்கடைக்காரர் முதுகில் தள்ளினார்.

கேட்பாரா? அளவில் பிசகாதவர் என்று பெயரெடுத்த மனிதர். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பலகையில் முதுகை ஒட்டவைத்து, நெஞ்சை முன்னே தள்ளிக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் அவர் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

ஒரு விரல் குறைந்தது.

செருப்புக்கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியாமல் இருமலாக்கினார்.

அப்புறம் ஆரம்பித்தது பேரம்.

"ஒரு விரல்தானேம்மா! மீட்டருக்கு ரெண்டு விரல் கூட விட்டுக் கிழிச்சே இத்தனை வருஷம் கடை நடத்துறேன். நீ ஒரு விரல் விடமாட்டியா?"

"துணி கீழ விழுந்தா எடுத்து உதறிக்கலாம், அங்கிள்."

வரிசையே சிரித்தது. முக்கா மீட்டர் அசரவில்லை. பலகையை விட்டு முதுகையும் எடுக்கவில்லை. முடியையும் சேர்த்து அளக்கச் சொன்னார். செருப்போடு அளக்கச் சொன்னார். செருப்புக்கடைக்காரர், குதிகால் உயர்ந்ததாக இருக்கட்டும் என்று தன்னுடையதைக் கழற்றி நீட்டினார். மேலதிகாரியைக் கூப்பிடு என்றார் முக்கா மீட்டர். குரல் ஏற ஏற, பின்னால் நின்றவர்களும் அவர் கட்சிக்கு வந்துவிட்டார்கள்.

"பாவம், விட்டுருங்கம்மா. எவ்வளவு ஆசைப்படறாரு!"

அந்தப் பெண் அவரை உச்சந்தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு வழியை மறித்திருந்த சங்கிலியை எடுத்துவிட்டாள்.

"சரி அங்கிள். ஒரு விரல்தானே. முதல் சீட்டே காலியா இருக்கு, ஏறிக்கோங்க."

முக்கா மீட்டர் திறந்த வழியையும் தலைக்கு மேலிருந்த தண்டவாளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டதை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிற ஆளிடம்தான் எந்த வியாபாரியும் தடுமாறுவான்.

ஒரு நொடிதான். காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வேணாம்மா. சலுகையில ஏறுற ஆள் நான் இல்ல. அளவு அளவுதான். எனக்காக உன் வேலைக்கு ஒரு கெட்ட பேரு வரக்கூடாது."

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

பாத்திரக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, போனோடு சேர்த்து முக்கா மீட்டர் கையில் கொடுத்தார்.

"இத்தனை வருஷமா உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டமேய்யா. இனிமே எவனாவது கூப்பிடட்டும், என்கிட்டதான் பதில் சொல்லணும். உனக்காக நாங்க முதல் சீட்டுல உக்கார்றோம்."

செருப்புக்கடைக்காரருக்கு அப்படியொரு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்.

கம்பி வந்து இருவர் மடியிலும் இறங்கியது. ரயில் நகர்ந்தது. முக்கா மீட்டர் பலகையில் சாய்ந்தபடியே கையை உயர்த்தி ஆட்டினார்.

"கண்ணை மூடாதீங்கய்யா!"

ரயில் மேட்டில் ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. அந்தப் பக்கம் விழுந்து மறைந்தது.

அந்தப் பெண் சங்கிலியைத் திரும்ப மாட்டினாள். அவர் பக்கம் திரும்பாமலே, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"போயிட்டாங்க அங்கிள். இனிமே முட்டிய நிமித்திக்கலாம்."

முக்கா மீட்டர் அக்கம்பக்கம் பார்த்தார்.

தொளதொளத்த கால்சட்டைக்குள் இவ்வளவு நேரமும் மடங்கிக் கிடந்த கால்கள் மெல்ல நிமிர்ந்தன. பலகையின் கோடு அவர் உச்சந்தலையைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, புருவத்தருகே வந்து நின்றது.